பத்துமலை இருட்டுக்குள் வெயில் போகும் வழி

படிவம் இரண்டு அறிவியலில் சூழல் மண்டலம் பற்றி ஒரு பாடம் வரும். மேலே சூரியன், கீழே புல், புல்லைத் தின்னும் வெட்டுக்கிளி, வெட்டுக்கிளியைப் பிடிக்கும் தவளை, தவளையை விழுங்கும் பாம்பு, கடைசியில் பருந்து, நடுநடுவே அம்புக்குறி. டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் இதை ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள், சோதனையில் முழுப் புள்ளியும் வாங்கிவிடுவார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். எல்லா உயிரும் ஒரே புல்தரையில் நிற்கிறது, எல்லா அம்பும் ஒரே தடிமனில் இருக்கிறது, உதிர்ந்த இலையோ எச்சமோ செத்த உடம்போ எங்குமே இல்லை. உண்மையில் ஆற்றல் பெரும்பாலும் அந்தப் படத்தில் இல்லாத வழிகளில்தான் போகிறது. அதைச் சொல்லிக்கொடுக்க நம் ஊரில் பத்துமலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பத்துமலை என்றால் நமக்கு முருகன், தைப்பூசம், 272 படி. 2006-ல் திறந்த 42.7 மீட்டர் சிலையின் காலடியில் நின்று படமெடுக்காத தமிழர் கோலாலம்பூரில் யாராவது இருப்பார்களா என்ன. ஆனால் படியில் முக்கால்வாசி ஏறியதும் பக்கவாட்டில் ஒரு வழி பிரிந்து போகும், அங்கே இருட்டுக்குகை என்று இன்னொரு குகை இருக்கிறது. சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிளைகிளையாகப் போகும் சுரங்கங்கள். 2019-ல் மூடப்படும்வரை தலைக்கவசம், கைவிளக்கு கொடுத்துச் சிறு சிறு குழுவாக உள்ளே கூட்டிப்போவார்கள். மூடுவதற்கு முன்பே நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

உள்ளே முதலில் தெரிவது வாடை. மூத்திர நெடிபோல மூக்கைக் குத்தும், அம்மோனியா. அப்புறம் சத்தம். தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஆயிரக்கணக்கான வௌவால்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். நடைபாதையை விட்டு விளக்கைப் பக்கவாட்டில் அடித்தால் தரை பழுப்பாக, மேடு மேடாகக் கிடக்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்த மேடு அசைவது தெரியும். முழுக்கக் கரப்பான்கள். மேலேயும் உள்ளேயும் கரப்பான்கள் ஊர்ந்துகொண்டே இருக்க, பிடிமண் அளவு இடம்கூடச் சும்மா இருக்காது.

எங்கள் குழுவில் செந்தூலிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அவர்தான் சரியான கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, ஒரு புல்லுகூட இல்ல, வெளிச்சமும் இல்ல. இதுங்கல்லாம் எதத் தின்னு உயிர் வாழுது?"

வழிகாட்டிப் பையன் கையை மேலே காட்டினான். "மேல இருந்து விழுதும்மா. தெனமும் மழமாதிரி."

வௌவால் எச்சம். அந்தக் குகையின் புல்வெளி அதுதான். பூஞ்சையும் பாக்டீரியாவும் எச்சத்தில் வேலை செய்ய, கரப்பான், மரவட்டை, சிற்றுண்ணி, அந்துப்பூச்சிப் புழு எல்லாம் எச்சத்தையும் பூஞ்சையையும் தின்ன, அவற்றைப் பிடிக்க நீண்ட கால் பூரான்களும் சிலந்திகளும் சுவரில் காத்திருக்கும். ஓடைநீர் அடித்துவரும் இலைக்குப்பை, செத்து விழும் வௌவால் என்று வேறு வரவும் உண்டு, ஆனால் கணக்கில் பெரியது எச்சம்தான். பச்சை இலை என்று ஒன்று வாசல் வெளிச்சம் எட்டும் தூரம்வரைதான். (மின்விளக்கு போட்ட குகைகளில் விளக்கைச் சுற்றி மட்டும் பாசி பச்சையாகப் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது. அதாவது, பல கோடி ஆண்டுக்கு முந்திய செடிகொடியும் கடல் நுண்ணுயிரும் பிடித்து வைத்த வெயிலில் அந்தப் பாசி வளர்கிறது. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.)

அந்த எச்சம் எங்கே இருந்து வந்தது? இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

இருட்டுக்குகையில் இரண்டு விதமான வௌவால்கள் உண்டு. ஒன்று பூச்சி தின்பது. காட்டு இலையைத் தின்ற பூச்சியை அது தின்று, பூச்சியின் ஓட்டுத் துணுக்குகளை எச்சமாகப் போடும். இன்னொன்று குகைத் தேன் வௌவால், இயோனிக்டெரிஸ் ஸ்பெலேயா. இது பூவில் தேன் குடிக்கும், மகரந்தமும் தின்னும். 1970களில் ஸ்டார்ட் என்ற ஆய்வாளர் இந்த வௌவால்களை மெனக்கெட்டு ஆராய்ந்தார். மகரந்தத் தூளின் மேலோடு எளிதில் செரிக்காது, ஒவ்வொரு செடிக்கும் அதன் வடிவம் வேறு, ஆகவே எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலே வௌவால் நேற்றிரவு எங்கே சாப்பிட்டது என்று சொல்லிவிடலாம். டுரியான், பெத்தாய், வாழை, இலவம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட செடிகளின் பூக்கள் அதில் இருந்தன. 1976-ல் அவரும் மார்ஷலும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்றும் தேன் வௌவால் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்துப் பார்க்கும் ஒன்று. எச்சத்தில் திரும்பத் திரும்ப வந்த பூக்களில் ஒன்று பெரெம்பாங் இனத்து மரத்தின் பூ.

பெரெம்பாங் கடலோரச் சதுப்புநில மரம். பத்துமலையைச் சுற்றி அது கிடையாது. கிள்ளான் கடற்கரைப் பக்கம் போகவேண்டும், சுமார் 38 கிலோமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் அந்த உயிர், நம்மில் பலர் காரில் போகவே யோசிக்கிற தூரத்தைப் பறந்து போய்க் குடித்துவிட்டு, விடிவதற்குள் குகைக்குத் திரும்பிவிடுகிறது.

இப்போது அம்புக்குறிகளைத் திரும்பப் போடுங்கள். கிள்ளான் ஆற்று முகத்தில் ஒரு மரத்தின் இலைமேல் வெயில் விழுகிறது. இலை அதைச் சர்க்கரையாக்குகிறது, சர்க்கரை பூவுக்குப் போய்த் தேனாகிறது, தேன் வௌவாலாகி, நெடுஞ்சாலைகளையும் தாமான்களையும் தாண்டிப் பறந்து, பத்துமலை இருட்டில் எச்சமாக விழுந்து, கரப்பானாகி, சிலந்தியாகிறது. வெயிலே படாத இடத்தில் உயிர் வாழும் சிலந்தியும் வெயிலில்தான் வாழ்கிறது. வெயில் இல்லாமலே நடக்கும் குகைகளும் உலகில் உண்டு. ருமேனியாவில் 1986-ல் தற்செயலாகத் திறந்த மொவிலே குகையில் கந்தகச் சேர்மங்களை வைத்துப் பாக்டீரியா உணவு தயாரிக்கிறது. ஆனால் அது அபூர்வம், பத்துமலை அந்த ரகம் இல்லை.

சரி, கடலோரத்தில் விழுந்த வெயிலில் எவ்வளவு சிலந்திவரை வந்து சேர்கிறது? இதைத்தான் பாடப்புத்தகம் "பத்து சதவீத விதி" என்று, ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும் என ஒரே வரியில் முடித்துவிடும்.

இந்த எண்ணத்தை உலகுக்குத் தெளிவாகக் கொடுத்தவர் ரேமண்ட் லிண்டமன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீடார் பாக் என்ற சின்ன ஏரியில் பல ஆண்டு உட்கார்ந்து, பாசியிலிருந்து மீன்வரை யார் யாரைத் தின்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு ஆற்றல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கணக்கெடுத்தார். அவர் எழுதிய கட்டுரையை 'எக்காலஜி' இதழின் மதிப்பீட்டாளர்கள் வெறும் கோட்பாடாக இருக்கிறது என்று ஒதுக்கினார்கள். யேல் பல்கலைக்கழகத்து ஹட்சின்சன் அவருக்காக வாதாடி எழுதிய பிறகுதான் இதழாசிரியர் இறங்கி வந்தார். 1942 அக்டோபரில் கட்டுரை அச்சில் வந்தபோது லிண்டமன் உயிரோடு இல்லை. 27 வயது நிறைவதற்குள், அதே ஆண்டு ஜூன் மாதம் நோயில் இறந்துபோனார். இந்தப் பெயரை நம் பிள்ளைகள் ஒருமுறையாவது கேட்கவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

பத்து சதவீதம் என்பது சராசரியைச் சொல்லும் ஒரு வசதிதான், எந்த இடமும் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம் புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றுநீரில் எடுத்து 1957-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஓராண்டில் தாவரங்கள் பிடித்தது 20,810 கிலோகலோரி. தாங்கள் மூச்சுவிட்டு உயிர்வாழச் செலவழித்தது போக அவற்றிடம் மிஞ்சியது 8,833. தாவரம் தின்னும் உயிர்களுக்குள் போனது 3,368. அவற்றைத் தின்றவற்றுக்கு 383. உச்சியில் இருந்தவற்றுக்கு 21. தாவரங்கள் மொத்தம் பிடித்ததிலிருந்து கணக்கிட்டால் முதல் படியில் பதினாறு சதவீதம், அடுத்ததில் பதினொன்று, அதற்கடுத்ததில் ஐந்தரை. முதல் படிக்கு முன்னாலேயே பெரிய கழிவு ஒன்று உண்டு. நம் பக்கம் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குச் சுமார் 4.5 கிலோவாட்-மணி வெயில் விழுகிறது, கிட்டத்தட்ட 3,900 கிலோகலோரி, ஒரு ஆள் இரண்டு நாள் சாப்பிடும் சாப்பாட்டுக்குச் சமம். இலைகள் அதில் ஒரு சதவீதத்தைச் சர்க்கரையாக்கினாலே நல்ல வேலை.

மிச்சம் எங்கே? வெப்பம். அவ்வளவுதான், வேறு மர்மம் இல்லை. பத்துமலைப் படியேறும்போது இதை உங்கள் உடம்பிலேயே பார்க்கலாம். ஒரு படி பதினைந்து பதினாறு சென்டிமீட்டர் என்று வைத்தால் 272 படிக்குச் சுமார் 42 மீட்டர் உயரம். 60 கிலோ உடம்பை அவ்வளவு உயரம் தூக்க வெறும் 6 கிலோகலோரி போதும். ஆனால் தசை, தான் எரிப்பதில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், ஆகவே 24 கிலோகலோரி எரிகிறது. அந்தப் பதினெட்டு? முதுகில் ஒட்டிய சட்டையையும் நெற்றி வியர்வையையும் கேளுங்கள். தைப்பூசத்தன்று பால்குடத்தோடு ஏறும் கூட்டத்துக்கு நடுவில் நின்றால் பக்கத்து ஆள்மேலிருந்து வரும் சூடு நம்மேல் அடிக்கும். காலையில் பசியாறியது அப்படிக் காற்றில் போகிறது, அங்கிருந்து வானத்துக்கு, திரும்பி வராது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் திரும்பி வரும். பத்துமலை வௌவால் எச்சத்தை 1860களிலேயே சீனக் குடியேறிகள் வெட்டியெடுத்துத் தங்கள் காய்கறித் தோட்டத்துக்கு உரமாகப் போட்டார்கள், அந்தப் பாஸ்பரஸ் கீரையாகி மனிதருக்குள் போய் மறுபடி மண்ணுக்கு வந்திருக்கும். சத்து சுற்றிச் சுற்றி வரும், ஆற்றல் ஒருவழிப் பயணம். இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் புத்தகத்தில் சரியாக வருவதில்லை. எல்லா உடம்பும் ஒரே மாதிரி வீணாக்குவதில்லை. வௌவாலும் நாமும் வெப்ப இரத்தப் பிராணிகள், உடம்பைச் சூடாக வைத்திருக்கவே சாப்பாட்டை எரிக்கிறோம். பாலூட்டிகளும் பறவைகளும் செரித்து உள்ளே எடுத்த ஆற்றலில் 1 முதல் 3 சதவீதத்தைத்தான் புது உடம்பாக, குட்டியாக, சதையாக மாற்றுகின்றன. பூச்சிகளில் பலவற்றுக்கு அது 40 சதவீதத்தை எட்டும். அதனால்தான் எச்சத்தின்மேல் அத்தனை கரப்பான். அந்த எச்சத்தை நம்பி ஒரு எலிக்கூட்டம் வாழவேண்டியிருந்தால் கரப்பானின் மொத்த எடையில் ஒரு சிறு பங்குகூடத் தேறியிருக்காது.

குகையில் நான் பார்த்ததிலேயே மறக்கமுடியாதது ஒரு பொறிக்கதவுச் சிலந்தியின் வீடு. பேர் லிபிஸ்தியஸ் பாட்டுயென்சிஸ், 1923-ல் அறிவியல் பெயர் பெற்றது, பத்துமலையின் பெயரையே தாங்கி நிற்பது. இதன் பரம்பரை சுமார் 30 கோடி ஆண்டுப் பழசு. மற்ற சிலந்திகளின் வயிறு வழவழவென்று ஒரே பையாக இருக்கும், இதன் வயிற்றுக்கு மேலே இன்னும் கட்டுக்கட்டாகத் தகடுகள் தெரியும். சுவரில் மண் ஒட்டிய பட்டுக் குழாய், அதன் வாயில் காசு அளவுக்கு ஒரு வட்டக் கதவு, கதவின் விளிம்பிலிருந்து சுவரில் நாலா பக்கமும் விரிந்து ஓடும் சில மெல்லிய இழைகள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் இழை மினுங்கும். சிலந்தி கதவுக்குப் பின்னால் அந்த இழைகள்மேல் கால் வைத்தபடி உட்கார்ந்திருக்கும். ஏதாவது கரப்பான் இழையை இடறினால் மட்டும் கதவு திறக்கும், பிடிக்கும், மூடும். தேடி அலைவதில்லை, ஓடித் துரத்துவதில்லை. உணவு அவ்வளவு படி இறங்கி, அவ்வளவு தேய்ந்து வந்து சேரும் இடத்தில் அசையாமல் இருப்பதுதான் பிழைக்கும் வழி. சங்கிலியின் கடைசியில் வாழ்வது என்றால் என்ன என்பதை நான் எந்தப் பிரமிட் படத்திலும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

வௌவாலையே பிடிக்கும் பாம்பும் அங்கே உண்டு, வெளிறிய நிறம், ஆளுயரத்துக்கு வளரும். வௌவால் ஆயிரக்கணக்கில், பாம்பு அங்கொன்று இங்கொன்று. கணக்கு அப்படித்தான் முடியும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பத்துமலையைக் காப்பாற்றுவது என்றால் நம் மனதில் வருவது மலை. கல் வெட்டக்கூடாது, மலையடியில் கட்டடம் எழும்பக்கூடாது. 1980களில் அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டுவது நின்றது பெரிய விஷயம், அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஆற்றல் போகும் வழியைப் பார்த்தால் இருட்டுக்குகையின் எல்லை மலையடியில் முடியவில்லை. அது கிள்ளான் கடற்கரையில் இருக்கிறது. அங்கே துறைமுகத்துக்காகவும் இறால் குளத்துக்காகவும் தாமானுக்காகவும் வெட்டப்படும் ஒவ்வொரு பெரெம்பாங்கும் குகைக்கு வரும் வரவில் ஒரு குறைச்சல். மலை ஒரு கல்கூடப் பெயராமல் அப்படியே நிற்கும், உள்ளே மட்டும் பட்டினி தொடங்கியிருக்கும். அதை யாரும் பார்க்கமாட்டார்கள், குகைதான் மூடியிருக்கிறதே.

குகையைப் பற்றி அக்கறை இல்லாதவர்களுக்கு டுரியான் இருக்கிறது. டுரியான் ஆண்டுக்கு ஒருமுறை, சில இடங்களில் இருமுறை, கொஞ்ச நாள் மட்டும் பூக்கும். கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாகப் பின்னேரம் விரியும் பூ, விடியும்போது கொட்டிவிடும். அந்த ஓர் இரவுக்குள் மகரந்தத்தை மரம்விட்டு மரம் கொண்டுபோகும் முக்கியமான ஆள் இந்தத் தேன் வௌவால். ஆனால் டுரியான் அதற்குத் திருவிழா விருந்து, ஆண்டு முழுக்க ஓயாமல் பூத்துத் தருவதால் பெரெம்பாங்தான் அன்றாடச் சோறு. சோற்றை வெட்டிவிட்டு விருந்துக்கு மட்டும் வா என்றால் எந்த விருந்தாளி உயிரோடு வருவான்? கோம்பாக், உலு லங்காட் கம்பங்களில் டுரியான் மரம் வைத்திருப்பவர்கள் கிள்ளான் சதுப்புநிலத்துக்காக வாய் திறக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வௌவாலைத் தொல்லை என்று வலை போட்டுப் பிடிப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

நம் கோயில் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், பக்தியோடுதான் சொல்கிறேன். படிகளில் நாம் குரங்குக்குக் கொடுக்கும் வாழைப்பழம், தேங்காய், பிஸ்கட், கீழே புறாவுக்கு இறைக்கும் தானியம், இதுவும் ஆற்றல்தான். எங்கோ ஒரு வயலில் விழுந்த வெயிலை லாரியில் ஏற்றிவந்து பத்துமலையில் கொட்டுகிறோம். கொட்டும் அளவுக்குக் குரங்கும் புறாவும் பெருகும். அந்த மலைக்காடு எத்தனை குரங்கைத் தாங்குமோ அதைவிட அதிகமாகப் பெருகும். ஒருநாள் வரத்து குறைந்தால் அவை பக்தர் கைப்பையைப் பறிக்காமல் வேறு என்ன செய்யும்? காட்டுப் பழம் தின்று மலைமேல் விதை பரப்பவேண்டிய குரங்கு நாள் முழுக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பழத்தை முருகனுக்குப் படையுங்கள், பிரசாதத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

டியூஷன் பிள்ளைகளிடம் இப்போதெல்லாம் புல்-வெட்டுக்கிளிப் படத்தைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சிலாங்கூர் வரைபடத்தைக் கொடுத்து அதன்மேல் அம்பு போடச் சொல்கிறேன். மரத்தில் தடிமனாகத் தொடங்கி, வௌவாலில் மெலிந்து, சிலந்தியில் பென்சில் கோடாக முடியவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே பிரிந்துபோகும் வெப்பத்துக்கும் தனி அம்பு வேண்டும், அதுதான் இருப்பதிலேயே தடிமன். ஒரு பெண் கேட்டாள், "டீச்சர், வௌவால் திரும்பிவர்ற வழியில செலவாகுற சக்திக்கு அம்பு எங்க போடறது?" கிள்ளானுக்கும் பத்துமலைக்கும் நடுவே, பாதை நெடுக என்று சொன்னேன். அவள் அந்த 38 கிலோமீட்டர் முழுக்கக் குட்டிக் குட்டியாகச் சிவப்பு அம்பு வரைந்துகொண்டு வந்தாள்.

அடுத்த பள்ளி விடுமுறையில் இவர்களைக் கோலா சிலாங்கூருக்குக் கூட்டிப்போகப்போகிறேன். மின்மினி பார்க்கப் படகேறும் ஆற்றங்கரையில் நிற்பதும் பெரெம்பாங்தான். பொழுது சாய்ந்ததும் பூ விரியும், பஞ்சுபோலக் கேசரங்கள் வெளியே வரும், அப்புறம் வௌவால் வரக் காத்திருக்கவேண்டும். வரும் பெற்றோர்கள் கைவிளக்குக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு வாருங்கள், கொசு மருந்தும் மறக்கவேண்டாம்.